எழுபத்தொரு கிலோ

அன்பு மகள் தினேஸ்வரிக்கு, சுங்கை சிப்புட்டிலிருந்து அம்மா எழுதுவது. நான் இங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, பிரஷர் மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொண்டு சுகமாகத்தான் இருக்கிறேன். அங்கே நியூசிலாந்தில் குளிர் ஆரம்பித்துவிட்டது என்று மாப்பிள்ளை ரூபன் சொன்னார். இரண்டு பேரும் சளி, இருமல் என்று படுத்துக்கொள்ளாமல் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று முருகனிடம் காலையில் ஒரு தடவையும் விளக்கு வைக்கும்போது ஒரு தடவையும் சொல்லி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். முகம் பார்ப்பதுதான் தொல்லை. உன் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, இன்றைக்கு என்ன சமைத்தாய் என்று கேட்டுவிடுகிறேன். பத்து மாதமாக இப்படியே போகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். ஆறாம் வகுப்போடு நின்றுபோன எழுத்து, கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்னைத் திட்டியது நியாயம்தான். பக்கத்து வீட்டு மாரியம்மாவின் மகன் கோகிலன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், ஆன்ட்டி ஜிம்மில் இரும்பு தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டது என்று உனக்குச் செய்தி அனுப்பிவிட்டான். நீ பதறிப்போய், "அம்பத்தெட்டு வயசுல உனக்கு எதுக்கும்மா வெயிட் லிஃப்டிங்கு, யாரப் போயி அடிக்கப் போற" என்று சத்தம் போட்டாய். எலும்பு தேயாமல் இருப்பதற்கு என்றேன், கிளினிக் நர்ஸ் சொன்னார் என்றேன். அது பொய், தினா. நர்ஸ் சொன்னது உண்மை, நான் போனது அதற்காக இல்லை. எழுபத்தொரு கிலோவைத் தரையிலிருந்து தூக்க வேண்டும் என்று போனேன். உன் அப்பா கடைசியாகக் கிளினிக்கில் ஏறி நின்று பார்த்த எடை அது, அட்டையில் இன்னும் இருக்கிறது. அவர் விழுந்த அன்றைக்கு நடந்ததை நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் வருஷத் திதிக்கு நீ வருகிறாய். அவர் படத்துக்கு முன்னால் என் பக்கத்தில் உட்காருவதற்கு முன் இது உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு உட்காருவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

இடுப்பைப் பற்றிக் கவலைப்படாதே, தைலம் தேய்த்து, இரண்டு நாள் படுத்து எழுந்ததில் சரியாகிவிட்டது. பின்பக்கக் கூரை ஒழுகியதையும் ஆள் வந்து அடைத்துவிட்டுப் போனான். உன் சித்தி பாகான் டத்தோவிலிருந்து ஒரு சாக்கு இளநீர் அனுப்பியிருக்கிறாள், தனி ஆளுக்கு ஒரு சாக்கு இளநீர் எதற்கு என்று அவளுக்குத் தோன்றவில்லை, இன்னும் நாங்கள் இரண்டு பேரும் இருக்கிற வீடு என்ற நினைப்பு. எனக்கும் சில நாள் அப்படித்தான், உலையில் இரண்டு பேருக்கு அரிசியைப் போட்டுவிட்டு நிற்பேன். மாரியம்மாவுக்கு நான் ஜிம்முக்குப் போவது அறவே பிடிக்கவில்லை. "பொம்பளைங்க கனத்த தூக்குனா கர்ப்பப்பை எறங்கிரும்லா" என்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பயமுறுத்துகிறாள். அதை எடுத்துப்போட்டு ஆறு வருஷம் ஆகிறது, இறங்குவதற்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டேன். அன்றைக்குத்தான் பல மாதத்துக்குப் பிறகு அவளும் நானும் சேர்ந்து சிரித்தோம்.

தூக்குவது என்று முடிவு செய்தபின் கண்ணை மூடிக்கொண்டு போய் விழவில்லை, மூன்று இடம் பார்த்துத்தான் பொறுக்கினேன். முதலில் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய் ஒரு பேரங்காடியில் இருக்கும் பெண்கள் ஜிம்மைப் பார்த்தேன். குளிரூட்டி, பாட்டு, சுவரெல்லாம் ஊதா நிறம், வரிசையாக எந்திரங்கள். பாரம் கையில் எடுக்கும் ஆட்களாகவே தெரியவில்லை, எல்லாரும் நாற்காலியில் உட்கார்ந்தபடி தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் இருந்தார்கள். கவுன்ட்டரில் இருந்த பெண் விண்ணப்பத் தாளை நீட்டி, ஆன்ட்டிக்கு எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று கேட்டாள். எனக்குக் குறைக்க வேண்டாம், தரையில் கிடப்பதைத் தூக்குகிற மாதிரி ஏதாவது சொல்லித் தருவீர்களா என்றேன். "இல்ல ஆன்ட்டி, இங்க எல்லாமே உக்காந்து செய்றதுதான், ரொம்ப சேஃப்" என்று பெருமையாகச் சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், புதிதாக ஆரம்பிக்கும் பல பேருக்கு அது நல்ல இடம்தான். எனக்கு வேண்டியது அங்கே இல்லை. அடுத்தது நீ முன்பு அனுப்பிய உடற்பயிற்சி வீடியோ. அதில் வரும் வெள்ளைக்காரப் பெண் சிரித்த முகமாக இரண்டு சின்ன டம்பெல்லைக் காதுவரை உயர்த்திக் காட்டுகிறாள், இருபது நிமிஷம், டம்பெல் இல்லையென்றால் தண்ணீர் பாட்டில் போதும் என்கிறாள். ஒரு வாரம் செய்தேன். அதிலும் தரையிலிருந்து தூக்குவது வரவில்லை.

மூன்றாவதுதான் ஷர்மினியின் இடம், நம் ஊரிலேயே, மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மாடியில். ஷர்மினிக்கு இருபத்தெட்டு வயதிருக்கும், மாநிலத்துக்காகப் போட்டியில் பாரம் தூக்கிய பெண். திங்களும் வியாழனும் மாலை ஐந்து மணிக்குப் பெண்கள் மட்டும், அந்த நேரத்தில் ஆண்கள் யாரும் படியேறக் கூடாது என்று கீழே பலகை வைத்திருக்கிறாள். நான் கேட்ட அதே கேள்வியை அவளிடமும் கேட்டேன். அவள் ஒரு கம்பியைத் தரையில் வைத்து, குனிந்து காட்டினாள். முதுகை வளைக்காமல், காலால் தரையைத் தள்ளி எழுந்தாள். இதுதான் வேண்டும் என்றேன். வாரத்துக்கு இரண்டே நாள், நான்கே அசைவு, ஐந்து ஐந்து தடவையாக மூன்று சுற்று. வெறும் கம்பியில் ஆரம்பித்து, ஒழுங்காக வந்தால் மட்டும் வாரத்துக்கு இரண்டு கிலோ மூன்று கிலோ கூட்டுவாள், ஒழுங்காக வராவிட்டால் எவ்வளவு கெஞ்சினாலும் கூட்டமாட்டாள். முதல் வேலையாக என்னை அரசாங்க கிளினிக்குக்கு அனுப்பி, டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னாள். முட்டை சாப்பிடு, பருப்பு சாப்பிடு, ராத்திரி தூங்கு என்றாள். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு அவசரம்தான் எதிரி என்பாள். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் தோளில் காண்டாக் கட்டை போட்டு, அதன் இரண்டு முனையிலும் வாளி தொங்க ரப்பர் பால் சுமந்தவள் என்று சொன்னபோது என் தோளைத் தொட்டுப் பார்த்து, "அப்ப ஆன்ட்டிக்கு பலத்துக்கு பேஸு ஏற்கனவே இருக்கு" என்றாள். எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. எல்லாரிடமும் என்ன இலக்கு என்று கேட்டு எழுதுவாள். என்னோடு பயிற்சிக்கு வரும், ஓய்வுபெற்ற கத்தரின் டீச்சர், மகள் கல்யாணத்துக்குள் இடுப்புச் சுற்றளவு குறைய வேண்டும் என்றார். நான் எழுபத்தொரு கிலோ என்றேன். அது என்ன ஆன்ட்டி, எழுபதும் இல்லாமல் எழுபத்தைந்தும் இல்லாமல் என்று சிரித்தாள், நானும் சிரித்து வைத்தேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். உன் அப்பாவுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தப்பாது. காய்ச்சிய நல்லெண்ணெயைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு பின்பக்கக் குளியலறைக்குப் போனார். பத்தேகாலுக்குச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் இடுப்பில் கட்டியிருந்த துண்டு அவிழ்ந்து, உடம்பில் ஒன்றும் இல்லாமல் தரையில் கிடந்தார், தலையிலிருந்து கால்வரை எண்ணெய். வழுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். வாய் குழறியது, விழுந்த அதிர்ச்சி என்று நினைத்தேன். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன், கை வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை, மறுபடி இன்னொரு தடவை. கால் பக்கம் போய் இழுத்துப் பார்த்தேன். முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கோகிலன் இருந்தான். கமுந்திங் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்தான், அவன் மோட்டார் சைக்கிள் வாசலில் நின்றதை நான் காலையிலேயே பார்த்திருந்தேன். குளியலறைச் சுவரைத் தட்டியிருந்தால் போதும். நான் தட்டவில்லை, தினா.

உன் அப்பாவை உனக்குத் தெரியும். கேட்டில் செருகிய பேப்பரை எடுக்கப் போனாலும் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு போகிறவர். இருபத்திரண்டு வருஷம் பள்ளி பஸ் ஓட்டியவர், இந்தத் தாமான் குடியிருப்பில் பாதிப் பிள்ளைகள் அவர் பஸ்ஸில் ஏறி இறங்கியவர்கள், கோகிலனும்தான். அவன் முன்னால் இவரை அம்மணமாகக் காட்டுவதா என்று இருந்தது எனக்கு. போதாததற்கு எண்ணெய்த் தலையோடு வாசலைத் தாண்டக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து மண்டையில் ஏறிய பழக்கம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போக வேண்டியிருந்தால் எண்ணெயோடா அனுப்புவது என்று நினைத்தேன். அதனால் நான் என்ன செய்தேன் தெரியுமா, அவரைக் குளிப்பாட்டினேன். கிடந்தவர் மேல் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றி, சீயக்காய் போட்டு, முகத்தில் படாமல் கையால் மறைத்து மறைத்துத் தேய்த்தேன். துடைத்துவிட்டுக் கைலி கட்டினேன். சட்டைக்குத்தான் ரொம்ப நேரம் பிடித்தது, வலது கை சொன்னபடி கேட்கவே இல்லை. பொத்தான் போட்டேன், ஒன்று விடாமல் போட்டேன். தலையையும் வாரிவிட்டேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான், இதோ ஆச்சு, இதோ ஆச்சு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எல்லாம் முடித்து கோகிலன் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி பதினொன்று.

அவன் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்தான், எதிர் வீட்டுச் சீனரையும் கூப்பிட்டுக்கொண்டு. மூன்று பேருமாகக் காரில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டார், அவரிடம் மட்டும் உள்ளதைச் சொன்னேன், பத்தேகால் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பக்கவாதத்துக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்று வேறொரு குடும்பத்திடம் நர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தது பிறகு என் காதில் விழுந்தது. சீக்கிரம் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்கத் தைரியம் இல்லை. உனக்குப் போன் செய்தபோது பதினொரு மணிக்கு விழுந்தார், உடனே கொண்டுவந்துவிட்டோம் என்றேன். மூன்றாம் நாள் போய்விட்டார். வீட்டு வாசலில் நீர்மாலை எடுத்து வந்து அவரைக் குளிப்பாட்டியபோது எல்லாரும் அழுதார்கள், எனக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை என்று உன் அத்தை குறை சொன்னாளாம். நான் எப்படி அழுவேன், உயிரோடு இருக்கும்போதே அவருக்கு அந்த வேலையைச் செய்து முடித்தவள் நான் அல்லவா. அன்றைக்கு நீ விமானத்திலிருந்து இறங்கி நேராக வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "ஒத்த ஆளா நீ என்னம்மா பண்ணியிருப்ப, அப்பாவத் தூக்க முடியுமா உன்னால" என்று அழுதாய். அந்த வார்த்தையை நான் பிடித்துக்கொண்டேன். ஆமாம், என்னால் தூக்க முடியவில்லை, பலம் இல்லை, அதனால்தான் போய்விட்டார் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி, கடைசியில் அதையே நம்பிவிட்டேன். அப்படியானால் பலம் வந்துவிட்டால் மனது ஆறும் என்று பைத்தியக்காரத்தனமாக ஒரு கணக்கு.

இரண்டு வாரத்துக்கு முந்திய வியாழக்கிழமை ஷர்மினி ஏதோ பார்சல் வாங்கக் கீழே இறங்கினாள். நான் அப்போது நாற்பத்திரண்டு கிலோ வரைக்கும் வந்திருந்தேன். ஆள் இல்லாத நேரம் பார்த்து, கம்பியின் இரண்டு பக்கமும் தட்டுகளைச் செருகினேன், பக்கத்துக்கு இருபத்தெட்டு, கம்பி பதினைந்து, மொத்தம் எழுபத்தொன்று. குனிந்து பிடித்தேன். அசையவில்லை. இன்னொரு தடவை மூச்சைப் பிடித்து இழுத்தபோதுதான் இடுப்பில் சுளுக்கென்று பிடித்தது. ஷர்மினி மேலே வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் தட்டுகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து, "யாரு ஆன்ட்டி இந்த எழுபத்தொன்னு" என்று கேட்டாள். எப்படித்தான் தெரிந்ததோ. எல்லாவற்றையும் சொன்னேன், உனக்குச் சொல்லாததைச் சில மாதம் மட்டும் பழகிய ஒரு பெண்ணிடம் சொன்னேன், அதற்கும் என்னை மன்னித்துக்கொள். அவள் எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "எழுபத்தொரு கிலோ கம்பியும் எழுபத்தொரு கிலோ ஆளும் ஒன்னு இல்லலா ஆன்ட்டி. கம்பிக்குப் பிடி இருக்கு. எண்ணெ பூசி விழுந்து கெடக்குற ஆள என்னாலயே ஒத்தையில தூக்க முடியாது. நீங்க எவ்ளோ ஸ்ட்ராங்கா இருந்தாலும் முடிஞ்சிருக்காது, ஆள்தான் கூப்பிட்டிருக்கணும்" என்றாள். அவ்வளவுதான், என் கையில் இருந்த ஒரே சாக்கும் போய்விட்டது. பலம் இல்லாததால் நடந்தது இல்லை. என்னைவிடப் பத்து மடங்கு பலசாலியும் அன்றைக்குச் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதை ஒரு குழந்தைகூடச் செய்திருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் ஜிம் பக்கமே போகவில்லை. நீ திட்டிய மறுநாள் திங்கட்கிழமை, இனி வரவில்லை என்று சொல்லிவிட்டு வருவதற்காகத்தான் படியேறினேன். ஷர்மினி பெஞ்சில் இரண்டு தாள் வைத்திருந்தாள், இரண்டுமே ஆரம்பப் பயிற்சித் திட்டம். ஒன்று, அவசரப்படாமல் ஒன்றரை வருஷத்தில் எழுபத்தொன்றுக்குக் கொண்டுபோவது. இன்னொன்றில் எந்த எண்ணும் இல்லை, தனியாக இருக்கிற பெண்ணுக்கு என்று யோசித்து எழுதியது, திரும்பவும் வெறும் கம்பியிலிருந்து தொடங்குவது. எது வேண்டுமோ நீங்களே எடுங்கள் ஆன்ட்டி என்றாள். நின்று பார்த்தேன். எண் இல்லாத தாளை எடுத்தேன். அதில் முதல் பயிற்சி, தரையில் படுத்து, யாரும் கை கொடுக்காமல் எழுந்து நிற்பது. அடுத்த வரியில், எழ முடியாவிட்டால் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருந்தது. அதையும் பழக வேண்டும் என்று என்னைப் பாயில் படுக்கச் சொல்லி, "இப்ப கூப்பிடுங்க" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. கத்தரின் டீச்சரும் மற்றவர்களும் கம்பியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டாவது தடவையும் காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை எங்கிருந்து வந்ததோ, "கோகிலன், ஓடி வாப்பா, அங்கிள் விழுந்துட்டாரு" என்று கத்திவிட்டேன். அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது, நிறுத்த முடியவில்லை. அடுத்து படியில் தடதடவென்று சத்தம். கீழே பட்டறையில் இருந்த ஆட்கள், ஏறக் கூடாது என்ற பலகையைத் தாண்டி, கையெல்லாம் கறுப்பு எண்ணெயோடு ஐந்து பேர் மேலே வந்து நிற்கிறார்கள். நான் தலைமுடி அவிழ்ந்து, சட்டை மேலேறிப் பாயில் கிடக்கிறேன். அதை ஒருத்தரும் பார்க்கவில்லை, தினா. எல்லாரும் விழுந்தவர் யார், எங்கே என்றுதான் தேடினார்கள். சுவரில் கடிகாரம் இருந்தது, பார்த்தேன். அவர்கள் வந்துசேர ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இதுதான் நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது. அவர் உன் அப்பா, அந்த முக்கால் மணி நேரத்துக்கு என்னைக் கேள்வி கேட்க உனக்கு உரிமை இருக்கிறது. கோபம் வந்தால் போனில் தீர்த்துவிடாதே, அதை எடுத்துக்கொண்டு திதிக்கு வா, எதிரே உட்கார்ந்து எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடத் தோன்றாவிட்டால் ஒன்றிரண்டு வாரம் விட்டுவிடு, ஆனால் ஒரேயடியாக விட்டுவிடாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் நோய் நொடி இல்லாமல் நீண்ட ஆயுளும், வீடு நிறையப் பிள்ளைகளும் அந்த முருகன் கொடுக்கட்டும். குளிருக்குக் காலுறை போடாமல் தரையில் நடக்காதே. உன் வீட்டில் யாருக்கு என்ன ஆனாலும், வீடு கூட்டவில்லை, துணி மாற்றவில்லை, யார் என்ன நினைப்பார்கள் என்று ஒரு நொடிகூட நிற்காதே. எப்படி இருக்கிறாயோ அப்படியே கதவைத் திறந்து கத்து. மொழி தெரியாத ஊராக இருந்தாலும் கத்து, யாராவது ஓடி வருவார்கள்.

உன் கோபத்துக்காகவும் உனக்காகவும் காத்திருக்கும்,
அம்மா
புஷ்பலதா